எல்க் (வட அமெரிக்கப் பெரிய மான்) வேட்டை: எந்த நேரத்துக்கு எந்த ஊதல்?

கேள்வி (புதுவில்):
செப்டம்பர் நடுவில் அமெரிக்காவின் கொலராடோவில் பிளாட் டாப்ஸ் மலைப் பக்கம் வில் வேட்டைக்குப் போகிறேன். எல்க் மாதிரி குரல் கொடுக்கக் கையில் இருப்பவை: வாய்க்குள் வைக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு ஊதல்), பிளாஸ்டிக் நாக்கு வெளியே தெரியும் ஊதல், கையால் அமுக்கும் ரப்பர் ஊதல், ஒரு பியூகிள் (ஆண் எல்க்கின் கூவல்) குழாய். எதை எப்போது எடுப்பது? டயாஃப்ரம் வைத்தாலே குமட்டுகிறது. போன வருடம் ஒரு ஆண் எல்க் என் பியூகிளுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே விலகிப் போய்விட்டது.

பதில் (மேட்டுக்காடு):
விலகிப் போனதென்றால் அதனிடம் ஏற்கெனவே பெண் எல்க்குகள் இருந்திருக்கும். இன்னொரு ஆண் சத்தம் கேட்டால் பல நேரம் சண்டைக்கு வராது, கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போய்விடும். விடியலில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் பியூகிள் போடுங்கள். அப்புறம் சத்தமில்லாமல் நெருங்கி, மெதுவாகப் பெண் குரல் கொடுங்கள்.

வில் இழுக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் கிட்டத்தில் டயாஃப்ரம்தான். குமட்டினால் சுற்றியுள்ள டேப் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியுங்கள், ரப்பரில் படக்கூடாது. ஒற்றை மெல்லிய ரப்பர் உள்ளது பழக எளிது. இரட்டை, மூன்று அடுக்கெல்லாம் பிறகு பார்க்கலாம்.

பலத்த காற்றடிக்கும் முகட்டில் வெளிநாக்கு ஊதல். கூர்மையான சத்தம், தூரம் போகும். உறைகுளிரில் ஈரம் ஏறி நாக்கு ஒட்டிக்கொள்ளும்; சட்டைக்குள் வைத்திருங்கள்.

பதில் (ஊசியிலை):
பொது நிலமா (எல்லோரும் வேட்டைக்கு வரும் அரசு நிலம்)? அங்கே எல்லோரும் பியூகிள் ஊதி எல்க் உஷாராகியிருக்கும். நானாக இருந்தால் குழாயைக் காரிலேயே விட்டுவிடுவேன். அமுக்கும் ஊதலைக் குறைத்துப் பேசுவார்கள், ஆனால் புதியவருக்கு சன்னமான குரல் அதில்தான் சுத்தமாக வரும். கை அசைவதுதான் சிக்கல், புதருக்குப் பின்னால் மட்டும்.

புதுவில்:
நன்றி அண்ணா. பின்னால் நின்று ஊத ஆளில்லை, தனியாகத்தான் போகிறேன்.

மேட்டுக்காடு:
சரி தம்பி, அப்படியென்றால் ஊதிவிட்டு 40 கஜம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். அது ஊதிய இடத்தைப் பார்த்துத்தான் வரும், பெரும்பாலும் காற்று உங்களைத் தாண்டி வீசிப் போகும் பக்கமாகச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கத்தை வில் எட்டும்படி இடம் பாருங்கள். வெயில் ஏறினால் காற்று மலை மேலே போகும், சாயங்காலம் பள்ளத்துக்கு இறங்கும். அரை மணி நேரமாவது எழுந்திருக்க வேண்டாம். குரலே கொடுக்காமல் வருபவையும் உண்டு.