லாயிட் சதுக்கத்து முக்கோணம்: வீடு ஒன்றா, இரண்டா?

கொத்தனார்மகன்:
நேற்று ஒருவர் போகிற போக்கில் இங்கே எழுதியது: "லண்டன் கிளார்க்கன்வெல் பக்கம் லாயிட் சதுக்கத்தில் உள்ள ரீஜென்சி காலத்து வீடுகள் ஆதியில் தனி மாளிகைகள். வாடகை ஆசையில் பிற்பாடு இரண்டாகப் பிளந்தார்கள். ஒரே முக்கோண முகப்பே சாட்சி." படித்ததும் காபி கசந்துவிட்டது. லாயிட் பேக்கர் குடும்பத்து நிலத்தில் ஜான் பூத்தும் அவர் மகன் வில்லியம் ஜோசப் பூத்தும் அவற்றை ஜோடி வீடுகளாகவேதான் வடிவமைத்தார்கள். முக்கோணம் ஒன்று, வீடு இரண்டு. பொதுச்சுவர் முக்கோணத்தின் உச்சிக்கு நேர் கீழே இறங்குகிறது. பிளந்த வீட்டில் இவ்வளவு கச்சிதமாக வருமா?

ஆற்றங்கரையான்:
எழுதியவன் நான்தான். பெயர் சொல்ல வாய் வரவில்லையா? சரி, முதல் நாளே இரண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் முக்கோணம் மட்டும் ஏன் ஒன்று? தெருவில் போகிறவன் "அடேயப்பா, எவ்வளவு பெரிய வீடு" என்று வாய் பிளக்கத்தானே? ஒரே வேட்டியை இரண்டு பேர் சுற்றிக்கொண்டு நிற்கிற கதை. நான் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

கொத்தனார்மகன்:
அது இல்லை. நீங்கள் சொன்னது "பிளந்தார்கள்". மேலே அப்படியே இருக்கிறது, போய்ப் படியுங்கள். முக்கோணம் ஒன்று, வீடு இரண்டு.

நாட்காட்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இளவரசர் ரீஜென்டாக, அதாவது மன்னருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்ப்பவராக, இருந்தது 1811 முதல் 1820 வரை. லாயிட் சதுக்கம் 1820க்கு அப்புறம்தான் எழுந்தது. ரீஜென்சி என்றால் எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே?

ஆற்றங்கரையான்:
தம்பி, அதெல்லாம் அப்புறம். முதலில் முக்கோணத்துக்குப் பதில் வரட்டும்.

ஹாரோவாசி:
நான் பதினெட்டு வருடமாகச் செமியில்தான் (ஒரு பக்கச் சுவர் ஒட்டிய ஜோடி வீட்டில்) இருக்கிறேன். 1930களில் கட்டிய சாதாரண வீடு, முக்கோணமும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு நாள் மூன்று விசில் வந்ததும் பருப்பை இறக்கிவிட்டேன். திறந்து பார்த்தால் அரிசிபோல் அப்படியே கிடக்கிறது. விசில் அடித்தது பக்கத்து வீட்டுக் குக்கர்! ஒரு வீடா இரண்டு வீடா என்று எங்கள் சுவரைக் கேளுங்கள்.

கொத்தனார்மகன்:
அக்கா, உங்கள் பருப்புக்கு வருந்துகிறேன். ஆனால் லண்டனின் 1774 கட்டடச் சட்டம் பொதுச்சுவர் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்றே வகுத்து வைத்திருந்தது. ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது என்ற பயம். என் அப்பா கரண்டி பிடித்தவர். சுவரைத் தட்டிப் பார்த்தே ஒரு கல் சுவரா இரண்டு கல் சுவரா என்று சொல்லிவிடுவார். செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதிக்கு 1794லேயே ஜோடி வீடுகளாக வரைபடம் போட்டிருக்கிறார்கள். அப்போதே தெரிந்த வித்தை இது. இரண்டு சின்ன வீட்டைத் தனித்தனியே நிறுத்தினால் பெட்டிக்கடை மாதிரி இருக்கும். சேர்த்து மேலே கிரேக்கக் கோயில் முகப்பு மாதிரி முக்கோணம் வைத்தால் மேட்டுத்தெருவில் கம்பீரமாக நிற்கும். இதில் எங்கே ஐயா ஏமாற்று?

ஆற்றங்கரையான்:
"கம்பீரமாக நிற்கும்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதற்குத் தமிழில் பாசாங்கு என்று பெயர். பிரைட்டன் பக்கத்து ஹோவில் பிரன்ஸ்விக் சதுக்கத்துப் பூச்சைக் கல் கல் என்று நாலு நாள் சாதித்தவரும் நீங்கள்தானே? கரண்டி பிடித்தவர் மகனாம்.

கொத்தனார்மகன்:
அது படம் மங்கல். அப்போதே சொன்னேன். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? லாயிட் சதுக்கத்தில் பூச்சா முகப்பு? செங்கல் அப்படியே தெரிகிறது. பாசாங்கு செய்கிறவன் செங்கல்லை மூடாமல் விடுவானா?

ஜன்னலோரம்:
அந்தக் காலத்து வீடுகளில் சில ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்களே, ஜன்னல் வரிக்குப் பயந்துதானே?

நாட்காட்டி:
வரி 1696 முதல் 1851 வரை இருந்தது. ஆனால் அடைத்த ஜன்னல் எல்லாமே வரிக்குப் பயந்தது இல்லை. வரிசை கெடாமல் இருக்க, கட்டும்போதே பொய் ஜன்னல் வைப்பதும் உண்டு.

ஆற்றங்கரையான்:
பொய் ஜன்னல்! பார்த்தீர்களா? பொய் ஜன்னல் வைக்கிற ஊரில் பொய் முக்கோணம் வைக்க மாட்டார்களா?

கொத்தனார்மகன்:
முக்கோணம் பொய் இல்லை. அது கூரையின் முனை. ஆளுக்குப் பாதி. உச்சிக்கு நேர் கீழே சுவர். நாலாவது முறை சொல்கிறேன்.

ஆற்றங்கரையான்:
பாதி முக்கோணத்துக்குச் சொந்தக்காரனாம்! மழை ஒழுகினால் யார் பாதியில் ஒழுகுகிறது என்று பார்த்துத்தான் வாளி வைப்பார்கள் போல.

ஹாரோவாசி:
சிரிக்காதீர்கள். எங்கள் நடுக் குழாய் விஷயத்தில் அதுதான் நடந்தது. இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

ஜன்னலோரம்:
யார் காசு கொடுத்தது கடைசியில்?

கொத்தனார்மகன்:
குழாயை விடுங்கள். "பிளந்தார்கள்" என்று எழுதியதை அவர் இன்னும் அழிக்கவில்லை.

ஆற்றங்கரையான்:
அழிக்க மாட்டேன்.