64 சதவீதத்தில் நின்ற விண்டோஸ்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

வைகைக்கரை:
2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடியுதுன்னு பேப்பர்ல பார்த்துட்டு மாமா போன் போட்டார். "மாப்ளே, என் லேப்டாப்புக்கு அந்த 11-ஐப் போட்டுக் குடுத்துரு. உனக்கு அரைமணி வேலை." 11-க்குக் கேக்குற டிபிஎம்ங்கற பாதுகாப்புச் சிப் எல்லாம் இருக்குற மெஷின்தான். பேக்கப் எடுத்தாச்சு, பார்ட்டிஷனை அழிச்சாச்சு, நெக்ஸ்ட் குடுத்தேன். 64-ல நின்னுச்சு. 0எக்ஸ்80070570. ஃபைல் கெட்டிருக்கலாம், இல்ல காணாமப் போயிருக்கலாமாம்.

ஐஎஸ்ஓவை, அதாவது விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைலைத் திரும்ப இறக்கினேன். பென்டிரைவ் மாத்தினேன், போர்ட் மாத்தினேன். ஒருவாட்டி 31, ஒருவாட்டி 78. ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நிக்கும்போதே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. "எஸ்எஸ்டி போச்சு மாமா"ன்னு பெரிய டாக்டர் மாதிரி சொல்லிட்டேன். அவர் ஒரு வார்த்தை கேக்கல. ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டை எடுத்து, எச்சில் தொட்டு மூவாயிரத்தி எண்ணூறு எண்ணி வச்சார்.

புது எஸ்எஸ்டி 52-ல நின்னுச்சு.

கடைசியா ரெண்டு ரேம்ல ஒண்ணைக் கழட்டிப் பார்த்தேன். காப்பி ஆறுறதுக்குள்ள இன்ஸ்டால் முடிஞ்சிருச்சு. பழைய எஸ்எஸ்டி நல்லா இருக்கு, என் டிராயர்லதான் கெடக்கு. மாமாகிட்ட இன்னும் சொல்லல. அந்த எச்சில் தொட்ட விரல்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

கரூர்காரன்:
ரேம்தானே? கழட்டி, அந்த மஞ்சள் காலை அழிரப்பர் வச்சுத் தேய்ச்சு மாட்டியிருந்தா மூவாயிரத்தி எண்ணூறு மிச்சம். எங்க ஆபீஸ்ல பாதி மெஷின் நட்ராஜ் ரப்பர்லதான் ஓடுது.

மொட்டைமாடி:
கரூர்காரன், அழுக்கு, துரு இருந்தா ரப்பர் வேலை செய்யும். சிப்பே போயிருந்தா விடியவிடியத் தேய்ச்சாலும் ஒண்ணும் ஆகாது. சொல்லப்போனா பாதி தடவை கழட்டி மாட்டினதுலதான் சரியாகுது, பேர் மட்டும் ரப்பருக்கு. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை பென்டிரைவ்ல போட்டு ராத்திரி பூரா ஓட விடுங்க. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேமைத் தூக்கிப் போடுங்க. இன்ஸ்டாலர் ஃபைலை ரேம்லதான் விரிக்குது, விரிச்ச இடம் பொத்தலா இருந்தா அது ஃபைலைத்தான் குத்தம் சொல்லும்.

கரூர்காரன்:
நீங்க ஒரு தடவை தேய்ச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க சார்.

ஓய்வூதியர்_63:
என் கதை வேறு. குடும்பப் படங்கள் முழுவதும் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஒருநாள் செருகியதும், இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. நல்லவேளை, அதை அமுக்கவில்லை. ஆனால் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்ட செக் டிஸ்க் என்ற விண்டோஸ் கட்டளை நினைவுக்கு வந்தது. பின்னால் /ஆர் சேர்த்து ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். உள்ளேயிருந்து டக், டக் என்று பல்லி சொல்வதுபோல் சத்தம். பல்லி சொன்னால் நல்லது என்று என் மனைவி வேறு சொன்னாள்.

காலையில் ஃபவுண்ட்.000 என்றொரு ஃபோல்டர். மறைந்து கிடந்தது, தேடித்தான் எடுத்தேன். அதற்குள் ஃபைல்0000.சிஎச்கே, 0001, 0002 என்று வரிசையாக. ஒவ்வொன்றின் வாலையும் ஜேபிஜி என்று மாற்றித் திறந்து பார்த்தேன். சில வந்தன. சில வரவில்லை. ஒரு படத்தில் என் தாயாரின் நெற்றிப்பொட்டு வரைக்கும் இருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதை அழிக்கவும் மனமில்லை.

மொட்டைமாடி:
ஐயா, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்லியே ஆகணும். டக் டக்னு சத்தம் வர்ற டிஸ்க்ல செக் டிஸ்க் ஓட்டவே கூடாது. அது ஃபைல் சிஸ்டத்தைச் சரிபண்ற கருவி, உங்க ஃபைலைக் காப்பாத்துற கருவி இல்ல. /ஆர் போட்டா ஒவ்வொரு செக்டரையும் படிக்கச் சொல்லிச் சாகக் கெடக்குற டிஸ்க்கோட படிக்கிற தலையைப் போட்டு இழுக்கும். பிரிஞ்ச துண்டையெல்லாம் .சிஎச்கேன்னு கட்டிவச்சுட்டு 'சரிபண்ணிட்டேன்'னு சொல்லும்.

முதல்ல பார்க்க வேண்டியது ஸ்மார்ட் விவரம், டிஸ்க் தன் உடம்பைப் பத்தித் தானே வச்சிருக்குற குறிப்பு. அதைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற சாஃப்ட்வேர் போதும். 05, சி5 ரெண்டு வரியும் பூஜ்யமா இருக்கணும். 05-ன்னா டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிட்ட செக்டர். சி5-ன்னா படிக்க முடியாம முழிச்சுக்கிட்டு இருக்குறது. சி5 நாளுக்கு நாள் ஏறுதுன்னா வேற எதையும் தொடாம லினக்ஸ்ல பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூங்கற நகல் கருவி வச்சு முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்க. அது சுலபமா வர்றதை முதல்ல அள்ளிட்டுத்தான் அடம்பிடிக்கிற இடத்துக்குத் திரும்பி வரும். ஃபைலை மீட்கிற ஃபோட்டோரெக், செக் டிஸ்க் எதுவானாலும் அந்த நகல்ல ஓட்டிக்கலாம். சத்தம் பலமா இருந்தா இதுகூட வேண்டாம், மின்சாரத்தைப் பிடுங்கிட்டு ரெகவரி லேபுக்குக் கொண்டு போங்க.

சி7 மட்டும் ஏறிச்சுன்னா டிஸ்க் மேல சந்தேகப்படாதீங்க, அது பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கிற சாட்டா கேபிள். எனக்கு அப்படித்தான். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடப் போனேன், ரிச்சி தெருவுல வாங்கின ஒரு கேபிள் அதைக் காப்பாத்துச்சு. மாத்தின பிறகும் அந்த எண் குறையாது, மேல ஏறாம நிக்கும். அவ்வளவுதான் என் கதை.

ஓய்வூதியர்_63:
தம்பி சொல்வது சரி. இரண்டு வருடம் முன்பு சொல்லியிருக்கலாம்.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். மகளுக்கு லப்டொப் போட்டுக் குடுக்கேக்க யூசர் பேரைத் தமிழிலயே அடிச்சன், ஒரு பெருமைக்குத்தான். பிறகு அவளின்ர பாடத்துக்கு ஒரு மென்பொருள் போடப் போனா, தற்காலிக ஃபைல் வைக்கிற டெம்ப் ஃபோல்டருக்குள்ள எழுத ஏலாது எண்டு நிண்டிட்டுது. டிஸ்க்கில 200 ஜிபி சும்மா கிடக்கு. அட்மினா ஓடவிட்டன், அன்டிவைரசை நிப்பாட்டினன், ஒண்டும் சரிவரேல்ல. மூண்டாம் நாள்தான் அந்தப் பிழைச்செய்தியை வடிவா வாசிச்சன். சி, யூசர்ஸ், அதுக்குப் பிறகு வரிசையாக் கேள்விக்குறி. பிள்ளையின்ர பேர் இருக்கவேண்டிய இடத்தில ?????.

பக்கத்தில நிண்டு பார்த்திட்டு, "அப்பா, என்ர பேர் பிழையோ?" எண்டு கேட்டாள்.

சி-யில டெம்ப் எண்டு ஒரு ஃபோல்டர் போட்டு, டெம்ப் ஃபோல்டர் எங்க எண்டு விண்டோஸுக்குச் சொல்லுற டெம்ப், டிஎம்பி எண்ட ரெண்டு மாறியையும் அங்க திருப்பிவிட்டன். உடன வேலை செய்துது.

கரூர்காரன்:
அதுக்குத்தான் யூசர் பேரை எப்பவும் இங்கிலீஷ்ல வைக்கணும்கறது. செட்டிங்ஸ்ல போய்ப் பேரை மாத்தினாலும் பழைய ஃபோல்டர் பேர் மாறாது, பார்த்துக்குங்க.

நெல்லை_டிடிபி:
அது என்ன "அதுக்குத்தான்"? விண்டோஸ் என்டி 1993-லயே எல்லா மொழி எழுத்துக்கும் இடம் குடுக்குற யூனிகோடோட வந்தாச்சு. ஒரு சில மொழி எழுத்துக்கு மட்டும் இடம் வச்ச பழைய கோட்பேஜ் முறையிலயே இன்னும் இன்ஸ்டாலர் எழுதிக்கிட்டு இருக்கவன் தப்பு அது. அந்த முறையில தமிழுக்கு விண்டோஸ்ல இடமே கெடையாது, அதான் கேள்விக்குறி. பிள்ளை பேர்ல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லுங்க, பனங்கூடல்.

என் கதை ரெண்டே வரி. ஆன்லைன்ல 2 டிபி பென்டிரைவ் எழுநூறு ரூபாய்னு வாங்கி ஒரு கல்யாண ஆல்பம் மொத்தத்தையும் அதுல போட்டேன். கஸ்டமர் முன்னாடி திறந்தா ஃபைல் பேர் இருக்கு, சைஸ் இருக்கு, தாலிகட்டு மட்டும் திறக்கல. உள்ள இருந்தது 32 ஜிபி. இப்போ எது வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூங்கற சோதனை சாஃப்ட்வேர் போட்டு நிரப்பிப் பார்த்துட்டுத்தான் கவரைத் தூக்கிப் போடுறது.

கொங்கு_சிங்கை:
நான் சிங்கப்பூர், அப்பா கோபி பக்கம். போன்லயே அப்பாவை வச்சு கம்ப்யூட்டரை எழுப்புற பயாஸை அப்டேட் பண்ண வச்சேன். அதுக்கு முன்னாடி டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணணும், மறந்துட்டேன். நீலத் திரை, 48 இலக்க ரெகவரி கீ கேக்குது. என் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லதான் கீ இருந்துச்சு. கீ ஐடியோட முதல் எட்டு எழுத்து பொருந்துதான்னு பார்த்துட்டு, ஆறு ஆறா எட்டுத் தடவை சொன்னேன். "அஞ்சுங்களா, அம்பதுங்களா கண்ணு?"ன்னு கேட்டுக் கேட்டு எழுதினார். உள்ள போயிருச்சு.

மறுநாள் திரும்பவும் கேட்டுச்சு. "நேத்து எழுதினதைப் பாத்து அடிங்கப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. நாட்காட்டித் தாள் மேல எழுதியிருக்கார். காலையில எந்திரிச்சதும் வழக்கம்போல கிழிச்சு அடுப்புல போட்டுட்டார்.

வைகைக்கரை:
கொங்கு, சிரிச்சுப் புரையேறிருச்சு. கரூர்காரன், உங்களுக்காக அந்த ரேமைத் தேய்ச்சு மாட்டிப் பார்த்தேன். மெம்டெஸ்ட் பத்தே நிமிஷத்துல சிவப்பாயிருச்சு.

கரூர்காரன்:
எந்த ரப்பர்?

மொட்டைமாடி:
வைகைக்கரை, மாமாகிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா?

வைகைக்கரை:
ஞாயித்துக்கிழமை அவர் பேத்திக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன், மடியில உட்கார வச்சுக்கணும். அது முடியட்டும்.