சான்றிதழைப் புதுப்பித்த பின்னர் கிளைகளின் இணைப்பைச் சேவையகம் மறுக்கிறது

கேள்வி (கல்முனை):
வணக்கம். கல்முனையில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். அக்கரைப்பற்று, சம்மாந்துறை, களுவாஞ்சிகுடி, பொத்துவில் ஆகிய கிளைகளிலுள்ள லினக்ஸ் கணினிகள் அன்றாடக் கணக்கை மாலையில் எமது சேவையகத்துக்கு ரி.எல்.எஸ். என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு வழியாக அனுப்புகின்றன. சேவையகத்தில் என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சேவையக மென்பொருள் இயங்குகிறது. கிளையும் தன் சான்றிதழைக் காட்டினால்தான் உள்ளே விடும். ஒவ்வொரு கிளையும் தனது இணையப் பக்கத்துக்காக சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டில் பெற்ற சான்றிதழையே இதற்கும் பயன்படுத்துகிறது. அவை தாமாகவே புதுப்பிக்கப்பட்ட பின்னர், பொத்துவில் தவிர்ந்த ஏனைய கிளைகளுக்கு 400 என்ற பிழையும் 'எஸ்எஸ்எல் சர்டிபிகேட் எரர்' என்ற வரியும் மட்டுமே வருகின்றன. காலாவதித் திகதி, கணினிகளின் கடிகாரம், சான்றிதழுக்கும் அதன் இரகசியச் சாவிக்கும் உள்ள பொருத்தம் ஆகிய மூன்றும் சரியாகவே இருக்கின்றன. வேறு எங்கே பார்ப்பது?

பதில் (மட்டக்களப்பு):
கிளையின் பக்கத்தில் தெரியும் செய்தியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. என்ஜின்எக்ஸ் ஹேண்ட்ஷேக்கை (இணைப்பின் தொடக்கப் பரிமாற்றத்தை) முடியவிட்டு, அதன் பிறகே 400 என்று சொல்லும்; ஏன் மறுத்தது என்பதைத் தனது பதிவேட்டில் மட்டுமே எழுதும். அதையும் விரிவான 'இன்ஃபோ' மட்டத்தில் எழுதுவதால், வழக்கமான 'எரர்' மட்டத்தில் இருக்கும் பதிவேட்டில் ஒன்றுமே தெரியாது. எனவே என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பின் 'எரர்_லாக்' வரியில் மட்டத்தை 'இன்ஃபோ' என்று மாற்றி, சேவையை மீளேற்றிவிட்டு, ஒரு கிளையிலிருந்து அனுப்பிப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் ஓர் எண் வரும். 10 என்றால் காலாவதி. 9 என்றால் செல்லுபடியாகும் காலம் இன்னும் தொடங்கவில்லை, பெரும்பாலும் கடிகாரக் கோளாறு. 20 அல்லது 21 என்றால் வழங்கியவரின் சான்றிதழ் கிடைக்கவில்லை, அதாவது கிளை இடைநிலைச் சான்றிதழை (தன் சான்றிதழை மூலச் சான்றிதழுடன் இணைப்பதை) சேர்த்து அனுப்பாதிருக்கலாம். 26 என்றால் அந்தச் சான்றிதழ் இந்தப் பயன்பாட்டுக்கு உரியதல்ல.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 26 ஆகவே இருக்கும் என நினைக்கிறேன். லெட்ஸ் என்கிரிப்ட் 2026 பெப்ரவரி 11 முதல், வழமையாக வழங்கும் சான்றிதழ்களில் 'கிளையன்ட் ஆத்' (இணைய வருபவரை அடையாளம் காட்டுவதற்கு) என்ற பயன்பாட்டுக் குறிப்பைச் சேர்ப்பதில்லை. 'சேர்வர் ஆத்' (சேவையகத்தை அடையாளம் காட்டுவதற்கு) மட்டுமே இருக்கும். குரோம் உலாவியின் மூலச் சான்றிதழ் விதிகள் இரண்டையும் பிரிக்கச் சொன்னதே இதற்குக் காரணம். சான்றிதழ்களைக் கையாளும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 'எக்ஸ்509' கட்டளையை 'பர்பஸ்' தெரிவுடன் இயக்கினால், 'எஸ்எஸ்எல் கிளையன்ட்' என்பதற்கு எதிரே ஆம் அல்லது இல்லை என்று காட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பதிவேட்டில் 26 தான் வந்தது. பொத்துவில் கிளையின் சான்றிதழ் மட்டும் பழையது. அதில் 'ஆம்' என்று காட்டுகிறது. தற்காலிகமாகச் சரிபார்ப்பை நிறுத்திவிடலாமா?

பதில் (அக்கரைப்பற்று):
தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உங்கள் அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் வைத்துவிட்டு, வந்தவர் யார் என்று பெயரைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால், ஒரு டொமைனை (இணைய முகவரிப் பெயரை) பதிவு செய்து இலவசச் சான்றிதழ் பெற்ற எவரும் இதுவரை உங்கள் வாசலைக் கடந்திருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற பொதுச் சான்றிதழ் அதிகாரி ஒருவர் உறுதிப்படுத்துவது அந்த டொமைன் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை மட்டுமே. அவர் உங்கள் கிளை என்பதை அல்ல.

ஆகவே நிறுவனத்துக்கென ஒரு தனிச் சான்றிதழ் அதிகாரியை அமைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லே போதும். ஒவ்வொரு கிளையின் சாவியும் அந்தக் கிளையின் கணினியிலேயே உருவாகட்டும்; சான்றிதழுக்கான கோரிக்கைக் கோப்பு மட்டும் கல்முனைக்கு வரட்டும்; 'கிளையன்ட் ஆத்' குறிப்புடன் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஒப்பமிடும் சாவி வலையமைப்பில் இணையாத கணினி ஒன்றில் இருப்பது நல்லது. மாறும் காலத்தில் பழைய மூலச் சான்றிதழையும் புதியதையும் ஒரே கோப்பில் வைத்தால் என்ஜின்எக்ஸ் இரண்டையும் ஏற்கும். எல்லாக் கிளைகளும் மாறியவுடன் பழையதை நீக்கிவிடுங்கள். கிளைகளின் இணையப் பக்கங்கள் லெட்ஸ் என்கிரிப்டுடனேயே தொடரலாம்.

பதில் (மட்டக்களப்பு):
மேலே சொன்னதற்கு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: தொலைந்த கணினியின் சான்றிதழை ரத்துச் செய்ய 'சிஆர்எல்' என்ற ரத்துப் பட்டியல் வைப்பீர்களானால், அந்தப் பட்டியலுக்கும் ஒரு காலாவதி உண்டு. அது கடந்தால் என்ஜின்எக்ஸ் எல்லாக் கிளைகளையும் ஒரே நேரத்தில் மறுக்கும். பதிவேட்டில் 12 என்ற எண் வரும். பட்டியலைப் புதுப்பித்து சேவையை மீளேற்றும் வேலையை 'கிரான்' என்ற தானியங்கி வேலை அட்டவணையில் இப்போதே போட்டுவிடுங்கள்.