2023 தென்மாவட்ட வெள்ளம்: 6,000 ரூபாய் கொடுத்தும் ஏன் இவ்வளவு கோபம்?

கோவைக்காரன்:
தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களிடம் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இன்னும் அரசைத் திட்டுகிறார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள், ரேஷன் கடையில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டினால் எந்த அரசுதான் என்ன செய்யும்? கட்சிச் சண்டை வேண்டாம், அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தங்கரையான்:
பணம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கோபமெல்லாம் முதல் இரண்டு மூன்று நாளைப் பற்றியது. கரண்டு இல்லை, டவர் இல்லை, ஏரல் பாலத்தை ஒட்டி ரோட்டையே தாமிரபரணி ஆறு அறுத்துக்கொண்டு போய்விட்டது, மொட்டை மாடியில் நின்று ஹெலிகாப்டர் எங்கள் தெருப் பக்கம் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு மாட்டிக்கொண்டதே, அங்கேயும் முதலில் சோறாக்கிப் போட்டது புதுக்குடி ஊர்க்காரர்கள்தான். அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் 19ஆம் தேதி டெல்லியில் 'இந்தியா' கூட்டணிக் கூட்டத்தில் இருந்தார், தூத்துக்குடிக்கு 21ஆம் தேதி வந்தார். பிரதமரைப் பார்த்து நிதியும் கேட்டார், சரி. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவனுக்கு அது எப்படிப் படும்?

மழைக்கணக்கு:
எனக்கு எரிச்சல் இரண்டு அரசு மேலும். மாநிலம், வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது. மத்திய நிதியமைச்சர், 12ஆம் தேதியே சொல்லிவிட்டோம் என்றார். சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரு நாள் மழை 20.4 சென்டிமீட்டருக்கு மேல், அவ்வளவுதான், 21-உம் சிவப்பு, 95-உம் சிவப்பு; அதை வைத்து எந்த ஊரைக் காலி செய்வது? அப்புறம் பணக் கதை. மிக்ஜாம் புயலுக்கும் இதற்கும் சேர்த்து மாநிலம் கேட்டது சுமார் 37,000 கோடி. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு 2024 ஏப்ரலில் வந்தது சுமார் 276 கோடி!

மறுகால்:
அணையைத் திறந்ததால்தான் எல்லாம் என்று பாதிப்பேர் இன்னும் சொல்கிறார்கள், அது முழுக் கதை இல்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் மேலே மலையடியில் இருக்கின்றன. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் என்று பெய்தது அணைகளுக்கு எவ்வளவோ கீழே. அந்தத் தண்ணீரைக் குளங்கள்தான் தாங்க வேண்டும். கோரம்பள்ளம் குளம் உடைந்துதான் தூத்துக்குடி நகரத்துக்குள் அவ்வளவு தண்ணீர் புகுந்தது. எங்கள் ஊர்க் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகிற மறுகால் ஓடையில் வெள்ளத்துக்கு முன்பும் சீமைக்கருவேலம், இப்போதும் சீமைக்கருவேலம். திட்டுவதென்றால் இதற்குத் திட்டுங்கள்.

கோவைக்காரன்:
அணை விஷயம் தெரியாது, நன்றி. 6,000 எல்லோருக்கும் வந்ததா அண்ணாச்சி?

ஆத்தங்கரையான்:
எங்கே? நெல்லை, தூத்துக்குடியில் அதிகம் அடிபட்ட தாலுகாவுக்கு 6,000, மற்றதுக்கு 1,000. எங்கள் சித்தி வீட்டில் கிரைண்டர், மெத்தை, பத்தாயத்து நெல் எல்லாம் போச்சு. தாலுகா எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு, அதனால் 1,000தான். கேட்கப் போனால் கடைக்காரர் தாலுகா ஆபீசைக் கைகாட்டுகிறார், ஆபீசில் கடையைக் கைகாட்டுகிறார்கள்.