பில்லி ஜோ ஷேவர் பத்தி ஏன் யாரும் பேசறதே இல்ல?

கேள்வி:
அமெரிக்க கன்ட்ரி பாடகர் வேலன் ஜென்னிங்ஸோட ஹாங்கி டாங்க் ஹீரோஸ் (1973) ஆல்பம் ஒரு வாரமா ஓடிட்டு இருக்கு. அதுல பத்துப் பாட்டு, ஒண்ணத் தவிர எல்லாத்துலயும் எழுதினவர் பேரு பில்லி ஜோ ஷேவர்னு இருக்கு, ஒரே ஆள் இவ்ளோ எழுதியிருக்காரு ஆனா இவர் பேர நான் கேள்விப்பட்டதே இல்லயே, யாருங்க இவரு? இவரே பாடியிருக்காரா?

பதில் 1:
பாடியிருக்காருங்க, சாகிற வரைக்கும் பாடினாரு. 1939ல டெக்சாஸ் கோர்சிகானால பிறந்தவர், பாட்டிதான் வளத்தாங்க. மரம் அறுக்கற மில்லுல வேலை பாக்கும்போது வலது கையில ரெண்டு விரல் போயிடுச்சு, அதுக்கப்புறமும் கிடார விடல. நானும் கிடார் வாசிக்கிறவன், அதனால ஒருநாள் ரெண்டு விரல மடக்கி வச்சுட்டு வாசிச்சுப் பாத்தேன், பத்து நிமிஷத்துல மணிக்கட்டு வலி எடுத்துடுச்சு, தாளமும் தப்பிப் போச்சு. அந்தக் கையோடதான் அம்பது வருஷம் மேடை ஏறியிருக்காரு மனுஷன்.

பதில் 2:
அந்த ஆல்பம் வந்த கதைய யாராவது சொல்லணும்ல. உன் பாட்டப் பாடறேன்னு வேலன் வாக்குக் குடுத்துட்டு மாசக்கணக்கா பிடி குடுக்கல, கடைசில ஷேவர் நேரா ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கே போயிட்டாரு. 100 டாலர் குடுத்து அனுப்பப் பாத்தாங்க. என் பாட்ட இப்ப கேக்கறியா, இல்ல இங்கயே அடிச்சுக்குவோமான்னு நின்னாராம், ஒரு பாட்டுன்னு ஆரம்பிச்சது ஒரு ஆல்பமாவே ஆயிடுச்சு. ஆனா ஹிட்டெல்லாம் அடுத்தவங்க குரல்லதான் போச்சு, 1981ல ஜான் ஆண்டர்சன் பாடின ஷேவர் பாட்டும் அப்படித்தான். ஷேவர் குரல் கரடுமுரடு, ரேடியோவுக்கு ஒத்து வரல.

பதில் 3:
குரல் ஒத்து வரலங்கறத நான் ஒத்துக்க மாட்டேன், எழுதினவர் வாயால கேக்கறப்பதான் அந்த வரிங்களுக்கு உயிரே வருது. ஓல்டு ஃபைவ் அண்டு டைமர்ஸ் லைக் மீ ஆல்பத்த (அதுவும் 1973தான், கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் தயாரிச்சது) ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

எனக்கு இவர் மேல மரியாதை வந்தது வேற விஷயத்துல. 1999ல அம்மாவும் மனைவியும் ஒரே வருஷத்துல போயிட்டாங்க. பையன் எடிதான் பேண்ட்ல லீட் கிடார், அப்பா பாடும்போது பக்கத்துலயே நிக்கிற பையன், அவனும் 2000 டிசம்பர் 31 அன்னைக்கு போதை மருந்தால போயிட்டான். அன்னைக்கு ராத்திரி ஷோ இருந்துச்சு. போய்ப் பாடினாரு, கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் அவருக்குத் துணையா நின்னாரு. இத எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்குது. அடுத்த வருஷமே டெக்சாஸ்ல இருக்கற க்ரீன் ஹால்ல (Gruene Hall) மேடையிலயே மாரடைப்பு, பைபாஸ் பண்ணிட்டுத் திரும்பவும் ஊர் ஊரா பாடக் கெளம்பிட்டாரு. 2014ல 74 வயசுல புது ஆல்பம் போட்டாரு, 2020 அக்டோபர்ல டெக்சாஸ் வேகோல காலமானாரு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஷேவரே பாடின 1973 ஆல்பம் இப்பதான் போட்டேன், மூணாவது பாட்டுல இருக்கேன், இன்னைக்கு வேற எதுவும் கேக்கப் போறதில்ல. எடி வாசிச்சது எந்த ஆல்பத்துல நல்லாக் கேக்கும்?

பதில் 3:
ட்ராம்ப் ஆன் யுவர் ஸ்ட்ரீட், 1993. சவுண்ட நல்லா ஏத்தி வச்சுக் கேளுங்க.