கிரவுண்ட் கிளாஸில் கூர்மை, நெகட்டிவில் மங்கல்: அவசர உதவி

தலைகீழ்க்காட்சி:
வணக்கம். 4×5 அங்குலத் தனித்தனி ஷீட் ஃபிலிம் போடும் பழைய கேமரா ஒன்று வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்பக்கத்துச் சொரசொரப்புக் கண்ணாடியில் (கிரவுண்ட் கிளாஸ்) விழும் படத்தை லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்கிறேன். கண்ணாடியில் இமைமுடியை எண்ணிவிடலாம், அவ்வளவு கூர்மை. டெவலப் செய்து பார்த்தால் முகம் மங்கல். நான்கு ஷீட் இப்படியே போய்விட்டது. லென்ஸ் கெட்டுவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை தாத்தாவைப் படமெடுக்க வேண்டும். அவரால் அதிக நேரம் உட்கார முடியாது. யாராவது சொல்லுங்கள்.

மூன்றுகால்:
என்ன லென்ஸ், எஃப் எத்தனை (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஷட்டர் வேகம் என்ன, ஆள் எவ்வளவு தூரத்தில்? இதெல்லாம் சொல்லாமல் லென்ஸைக் குறை சொன்னால் எப்படி? எனக்கு ட்ரைபாட் மேல்தான் சந்தேகம். ஃபிலிமை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவியதும் கேமரா லேசாக ஆடும். பத்து விநாடி பொறுத்து, அப்புறம் ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸை அழுத்துங்கள்.

வெள்ளியுப்பு:
ஃபிலிம் இருக்கும் ஹோல்டரைச் செருகும்போது கேமராவின் பின்பக்கம் நகர்ந்திருக்கும். ஃபோகஸ் பார்த்ததும் திருகை இறுக்கினீர்களா? எனக்கு ஒரு வருடம் இதே தொல்லை.

பெரியதட்டு:
அடிப்படை தெரியாமல் ஷீட் ஃபிலிமைத் தொடாதீர்கள் என்று எத்தனை இழையில் சொல்லியிருக்கிறேன். 35 மி.மீ.யில் ஒரு ரோலுக்கு 36 தடவை தப்பு செய்யலாம். இங்கே ஒரு தப்புக்கு ஒரு ஷீட். லென்ஸ் துவாரத்தை எஃப் 64 வரை மூடி எடுங்கள், முன்னும் பின்னும் எல்லாம் கூர்மையாகிவிடும். 1932இல் ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் சேர்ந்த குழுவின் பெயரே எஃப் 64தான்.

பழைய_லென்ஸ்:
ஐயா, 5.6இலிருந்து 64க்குப் போனால் ஏழு ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும். 1/60 விநாடி இரண்டு விநாடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு விநாடியைத் தாண்டினால் பெரும்பாலான கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இன்னும் கூட்ட வேண்டும். வயதானவர் அதுவரை ஆடாமல் இருப்பாரா? அதோடு 64இல் சிறு துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதே கூர்மையைத் தின்றுவிடும்.

பெரியதட்டு:
வெஸ்டன் படங்களில் அந்தப் பரவல் தெரிகிறதா?

பழைய_லென்ஸ்:
அவர் 8×10 நெகட்டிவை அப்படியே காகிதத்தின் மேல் வைத்துக் காண்டாக்ட் பிரிண்ட் போட்டவர். எஃப் 64இல் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.09 மி.மீ. அகலத்துக்குப் பரவும். காண்டாக்ட் பிரிண்டில் அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. 4×5ஐ நாலு மடங்கு பெரிதாக்கினால் 0.35 மி.மீ. அருகில் வந்துவிடும், அப்போது தெரியும். இரண்டும் ஒன்றல்ல.

தலைகீழ்க்காட்சி:
மன்னிக்கவும், விவரம் தர மறந்துவிட்டேன். 150 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, 1/60, தூரம் 2 மீட்டர். திருகெல்லாம் இறுக்கித்தான் இருந்தது. கேபிள் ரிலீஸும் உண்டு. இதே லென்ஸில் எஃப் 22 வைத்து எடுத்த மலைப் படம் நன்றாகவே வந்திருக்கிறது. அதுதான் குழப்பம்.

மூன்றுகால்:
கேபிளைத் தொய்வாக விட்டீர்களா, இழுத்துப் பிடித்தீர்களா? இழுத்தால் அதுவே ஆட்டும்.

அரைக்கண்ணாடி:
ஆட்டம் என்றால் படம் முழுக்கவே மங்கியிருக்க வேண்டும். தம்பி, அந்த நாலு நெகட்டிவையும் லூப் வைத்துப் பாருங்கள். முகம் மங்கல், சரி. வேறு ஏதாவது கூர்மையாக இருக்கிறதா?

தலைகீழ்க்காட்சி:
ஆமாம் அக்கா! நாற்காலி முதுகில் உள்ள துணித் தையல் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. நாலிலும் அப்படியே.

அரைக்கண்ணாடி:
அப்படியானால் லென்ஸ் நல்ல லென்ஸ். கிரவுண்ட் கிளாஸை எப்போதாவது கழற்றினீர்களா? அதன் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். படம் விழுவது அந்தப் பரப்பில்தான். ஹோல்டரில் ஃபிலிம் வந்து நிற்பதும் அதே இடத்தில். திருப்பிப் போட்டால் அந்தப் பரப்பு கண்ணாடியின் கனம் அளவுக்கு உங்கள் பக்கம் தள்ளிவிடும். 2 மி.மீ. கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்குள் ஒளி வளைவதால் மூன்றில் ஒரு பங்கு கழியும், மீதி 1.3 மி.மீ. பிழை. உங்கள் லென்ஸில், 2 மீட்டர் தூரத்தில், அது ஆளுக்குப் பின்னால் ஏறக்குறைய 22 செ.மீ. நீங்கள் கண்ணுக்கு ஃபோகஸ் வைக்கிறீர்கள், ஃபிலிம் நாற்காலிக்கு வைக்கிறது.

மலைப் படம் தப்பித்ததற்கும் இதே கணக்குதான். எஃப் 22இல் ஃபிலிம் 2 மி.மீ. தள்ளி நின்றாலும் கண் பொறுத்துக்கொள்ளும். 5.6இல் அரை மி.மீ.தான் சலுகை.

கண்ணாடியின் ஓரத்தில் நகத்தால் லேசாக வருடிப் பாருங்கள். உங்கள் பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். படத்தைப் பிரகாசமாகக் காட்டும் ஃப்ரெனல் தகடு இருந்தால் அதைச் சும்மா கழற்றிவிடாதீர்கள், சில கேமராக்களில் அதையும் கணக்கில் சேர்த்தே பின்பக்கம் செய்திருப்பார்கள். சரிசெய்த பிறகு ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, நடு எண்ணுக்கு ஃபோகஸ் செய்து, 5.6இலேயே ஒரு ஷீட் எடுங்கள். எந்த எண் கூர்மையோ அது உண்மையைச் சொல்லிவிடும்.

தலைகீழ்க்காட்சி:
வாங்கிய அன்றே துடைக்கக் கழற்றினேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

பெரியதட்டு:
இதைத்தான் அடிப்படை என்றேன்.

பழைய_லென்ஸ்:
நீங்கள் சொன்னது எஃப் 64.

பெரியதட்டு:
எஃப் 64 வைத்திருந்தால் இந்தப் பிழை படத்தில் தெரிந்தே இருக்காது.

பழைய_லென்ஸ்:
பிழையை மறைப்பது வேறு, சரிசெய்வது வேறு.

வெள்ளியுப்பு:
சண்டை போதும். தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஹோல்டரைச் செருகி, ஷட்டரை மூடி, டார்க் ஸ்லைடை உருவுவதற்குள் தாத்தா இரண்டு அங்குலம் முன்னால் சாய்ந்துவிடுவார். லென்ஸ் பலகையில் ஒரு நூலைக் கட்டி, ஃபோகஸ் பார்த்ததும் அவர் கன்னத்தைத் தொடும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். எடுப்பதற்கு முன் நூலை நீட்டி, முடிச்சு கன்னத்தைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு விலக்குங்கள்.

அப்புறம் அவர் உட்காரும் முன், அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து அவரைத் துணிக்குள் பார்க்கச் சொல்லுங்கள். பேரன் தலைகீழாக, வண்ணத்தோடு, அந்தக் கண்ணாடியில் அசைவதை அவர் ஒரு தடவை பார்க்கட்டும். என் அம்மா பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே வரவேயில்லை. அதற்குப் பிறகு எடுத்த படத்தில் அவர் கேமராவைப் பார்த்த பார்வையே வேறு.

தலைகீழ்க்காட்சி:
சொரசொரப்பு என் பக்கம்தான் இருந்தது. திருப்பிப் போட்டேன். இன்று மூன்று ஷீட் எடுத்தேன், இரண்டில் கண் கூர்மை. கருவிழியில் ஜன்னல் தெரிகிறது. நூலும் உதவியது. அரைக்கண்ணாடி அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி. தாத்தா துணிக்குள் பார்த்தார். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்.

பெரியதட்டு:
எஃப் எத்தனை வைத்தீர்கள்?

மூன்றுகால்:
மூன்றாவது ஷீட் ஏன் போனது? கேபிளா?