ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு ஏற்காடு: உதவப் போனவர்களும் அங்கேயே இருந்தவர்களும் பார்த்ததைச் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து:

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது, சேலத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் இருந்தோம். அது கலையாமல் மெதுவாக மேற்கே நகர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் விடாமல் கொட்டியதில் மண்ணும் பாறையும் சரிந்து மலைப்பாதை அடைபட்டது.

வழி விட்டதும் ஆறு பேர் டாடா ஏஸில் கிளம்பினோம். பிரெட், பிஸ்கட், வீடு வீடாக வாங்கிய பழைய துணி மூட்டைகள். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, நாகலூர் பக்கம் ஒரு சிற்றூரில் இறக்கினோம். ஒரு பாட்டி சேலையை வாங்கிப் பார்த்து, மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "துணி இருக்குது கண்ணு. காயப் போடத்தான் எடமில்ல. தார்ப்பாய் இருந்தா குடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளம்பும் முன் ஒருவரிடமாவது கேட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே செவ்வாய்ப்பேட்டையில் தார்ப்பாய், நைலான் கயிறு, மெழுகுவத்தி, நாப்கின் எல்லாம் வாங்கினோம். மறுநாள் வாடகைக்கு எடுத்த சின்ன ஜெனரேட்டரோடு ஏறினோம். அதற்குத்தான் பெரிய வரிசை நின்றது. செல்போனுக்குச் சார்ஜ் ஏறியதும் ஓர் அம்மா திருப்பூரில் இருக்கும் மகனிடம், "நல்லாருக்கோம் சாமி, நல்லாருக்கோம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாகலூர் பக்கத்திலிருந்து:

தம்பி, நீங்க ரெண்டாவது தடவை வந்தது எனக்கு ஞாபகம் இருக்குது. ஆனா வெளியில இருந்து வர்றவங்க கண்ணுக்குப் படாத நஷ்டம் ஒண்ணு இருக்குது. டிசம்பர் எங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கிற மாசம். பழம் சிவந்து நிக்கிறப்ப இப்படி மழை அடிச்சா வெடிச்சு கீழ கொட்டிடும். களத்துல காயற கொட்டையில பூசணம் ஏறிடும். சில்வர் ஓக் மரம் சாஞ்சா அதுல ஏறின மிளகுக் கொடியும் போச்சு. ஒரு கொடி நல்லாக் காய்க்க ஏழெட்டு வருசம் ஆகும்.

பறிக்கப் போனாத்தான் கூலி. அதனால மொத ரெண்டு நாளவிட, மழை விட்டு ஒரு வாரம் கழிச்சுத்தான் வீட்டுல கஷ்டம். மொத ரெண்டு நாள் நாங்களே சமாளிச்சுக்கிட்டோம். எங்க லைன்ல, அதான் தோட்டத்து ஆளுங்க வீட்டு வரிசையில, மூணு வீட்டுக்கு ஒரே அடுப்பு. ஆம்பளைங்க அரிவாளும் கைரம்பமும் வெச்சு ரோட்டுல கெடந்த மரத்த அறுத்தாங்க, நாங்க சட்டியில மண்ண அள்ளிக் கொட்டினோம். வண்டி எல்லாம் அந்த நாள்லயே வந்துட்டுப் போயிடுச்சு. அரிசி பருப்பு தீந்தப்ப யாரும் வரல. இனிமே யாராவது கிளம்பினா, பாதிச் சாமான பத்து நாள் கழிச்சுக் கொண்டாங்க.

செம்மடுவிலிருந்து:

லைன்மேன் அண்ணன்களை யாரும் சொல்லவில்லையே. லாரி போக முடியாத சரிவில் மின்கம்பத்தைக் கயிறு கட்டித் தோளில் தூக்கிப் போனார்கள். ஊர்ப் பையன்கள் கூடவே தோள் கொடுத்தார்கள். நானும் போனேன். நனைந்த மண்ணில் கால் ஊன்றவே முடியவில்லை. இருட்டிய பிறகு விளக்கு எரிந்தபோது எதிர்மேட்டில் இருந்தவர்கள் சத்தம் போட்டது எங்களுக்குக் கேட்டது.

அஸ்தம்பட்டியிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். அரிசியைப் பிரித்து அனுப்ப எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஜனவரியில் நாங்கள் மறுபடி வந்தோம். அந்தப் பாட்டி கூரையிலிருந்து தார்ப்பாயை இறக்கி வாசலில் விரித்து, மிஞ்சிய காப்பிக் கொட்டையைக் காய வைத்திருந்தார். ஓரத்தில் கல் வைத்துக் கொடுக்கச் சொன்னார், வைத்துக் கொடுத்தோம்.